டிஸ்கஸ் மீன் கறுத்துப் போகிறதா? நோயை அறிந்து காக்கும் முறைகள்

வண்ண மீன் வளர்ப்பில் நல்ல விலை கிடைக்கும் மீன்களில் டிஸ்கஸ் ஒன்று. அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த இந்த மீன், தட்டு போல வட்ட வடிவில் இருக்கும். ஆனால், நீரில் ஏற்படும் சிறு மாற்றத்தையும் இது தாங்காது. ஒரு ஜோடி தாய் மீன்கள் இறந்தால், பல மாத உழைப்பும் முதலீடும் போய்விடும். எனவே, நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவது அவசியம்.

முதல் அறிகுறிகள்

நலமாக உள்ள டிஸ்கஸ், தீவனம் போட்டதும் முன்னால் வரும். நோயுற்ற மீன் உடல் கறுத்து, துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு தொட்டியின் மூலையில் ஒதுங்கி நிற்கும். இதைக் கண்டதும் மருந்தைத் தேடக் கூடாது. முதலில் நீரைச் சோதிக்க வேண்டும். வெப்பநிலை 28-30 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அம்மோனியா சிறிதும் இருக்கக் கூடாது. கால் பங்கு நீரை மாற்றினாலே சில மீன்கள் தேறிவிடும். மாற்றும் நீரில் குளோரின் இருக்கக் கூடாது. அதன் வெப்பநிலையும் தொட்டி நீரைப் போலவே இருக்க வேண்டும்.

குடல் ஒட்டுண்ணி நோய்

தீவனம் எடுக்காமை, நூல் போன்ற வெள்ளை நிறக் கழிவு, உடல் மெலிவு ஆகியவை இதன் அறிகுறிகள். முற்றினால் தலையில் சிறு குழிகள் தோன்றும். இதற்கு, 40 லிட்டர் நீருக்கு 250 மில்லி கிராம் மெட்ரோனிடசோல் வீதம், ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை இடலாம். ஒவ்வொரு முறையும் மருந்திடும் முன் கால் பங்கு நீரை மாற்ற வேண்டும்.

உணவு மீன் வளர்ப்பில் இந்த மருந்து தடை செய்யப்பட்டுள்ளது. எனவே, மருந்து கலந்த தொட்டி நீரை மீன் குளத்திலோ, பண்ணைக் குட்டையிலோ விடக் கூடாது.

செவுள் புழு

மீன் வேகமாக மூச்சு விடும். ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு, மறுபக்கத்தால் மட்டும் சுவாசிக்கும். பொருள்களில் உடலை உரசும். டிஸ்கஸ் குஞ்சுகள் தாய், தந்தை மீன்களின் உடலில் சுரக்கும் சளியை உண்டு வளர்பவை. அப்படி ஒட்டி வளரும்போது, புழு குஞ்சுகளுக்கும் பரவி, மொத்தமாக அழித்துவிடும். ஆகவே, ஜோடி சேர்க்கும் முன்பே சிகிச்சை அளிக்க வேண்டும். 100 லிட்டர் நீருக்கு 200 மில்லி கிராம் பிராசிகுவான்டல் இடலாம். மருந்தில் முட்டைகள் சாகாது என்பதால், ஒரு வாரம் கழித்து மீண்டும் இட வேண்டும்.

வெள்ளைப் புள்ளி நோய்

உடலிலும் துடுப்பிலும் உப்புத் தூவியதைப் போலப் புள்ளிகள் தெரியும். வெப்பநிலையைச் சிறிது சிறிதாக 31 டிகிரி வரை உயர்த்தி, 100 லிட்டருக்கு 100-200 கிராம் அயோடின் சேர்க்காத கல் உப்பைக் கரைத்து விடலாம். சூடான நீரில் உயிர்வளி குறையும் என்பதால், காற்றுக் குழாயைக் கூடுதலாக வைக்க வேண்டும். மீனின் தோலுக்குள் இருக்கும் கிருமி சாகாது. நீரில் நீந்தும் பருவத்தில்தான் சாகும். எனவே, புள்ளிகள் மறைந்தாலும் 10 நாட்கள் வரை தொடர வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

இரண்டு மருந்துகளை ஒன்றாகக் கலக்கக் கூடாது. வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்துவிட வேண்டும். அது மருந்தை உறிஞ்சிவிடும். கொளத்தூர் போன்ற சந்தைகளில் இருந்து வாங்கி வந்தாலும், பக்கத்துப் பண்ணையில் வாங்கினாலும், புதிய மீன்களை நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்த பிறகே மற்றவற்றுடன் விட வேண்டும். அந்தத் தொட்டிக்கு வலை, வாளி, குழாய் ஆகியவையும் தனியாக இருக்க வேண்டும். சாக்கடையில் பிடித்த புழுக்களை உணவாகத் தரக் கூடாது.

மருந்து இட்டும் தேறாவிட்டால், அளவைக் கூட்டாமல், அருகில் உள்ள மீன்வளக் கல்லூரி அல்லது மீன்வளத்துறை அலுவலகத்தை அணுகி, செவுளையும் கழிவையும் சோதித்து, அதன்படி சிகிச்சை அளிப்பது நல்லது.