மலிவான திரையின் மதிப்பை அறிவது எவ்வாறு?

பொருளின் விலையைக் கடைக்காரர் சொல்வார். அதன் மதிப்பை வாங்குபவரே அறிந்துகொள்ளல் வேண்டும். பிள்ளைகளின் படிப்புக்கென நம் வீடுகளில் வாங்கப்படும் கணினித் திரைக்கு இது பெரிதும் பொருந்தும். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்திலே ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறிற்று. இறக்குமதிப் பொருள்களின் விலையும் உடன் ஏறியது. இந்நிலையில் மலிவான திரையை நாடுவது குற்றமன்று. ஆராயாது வாங்குவதே குற்றம்.

மேலைநாட்டு மருத்துவத்தை நமது மானிப்பாயிலே தமிழிற் கற்பித்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், கலைச்சொற்களைத் தமிழாக்க அரும்பாடுபட்டார். நாமும் பெட்டியின்மேற் காணும் சொற்களின் பொருளை முதலில் அறிவோம்.

‘எல்.ஈ.டி.’ என்பது ஒளிகாலும் இருவாயி. இத்தகைய திரையிலே படத்தை ஆக்குவது திரவப் பளிங்குப் படலமாகும். இருவாயிகள் அதன் பின்னின்று ஒளிதரும் விளக்குகளேயாம். முன்னாளில் மெல்லிய குழாய் விளக்குகள் செய்த தொழிலையே இவை செய்கின்றன. திறன்மிக்க நீல ஒளி இருவாயியை ஆக்கிய அகசாகி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவரும் 2014 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். ஆயினும், விளக்கின் பெயர் படலத்தின் தரத்தைக் கூறாது.

படலங்கள் பெரும்பாலும் மூவகைப்படும். டி.என். வகையைப் பக்கத்திலிருந்து நோக்கின் நிறம் திரிந்து தோன்றும். வி.ஏ. வகையிற் கருமை நன்கு அமையும். ஐ.பி.எஸ். வகையில் எப்பக்கமிருந்து நோக்கினும் நிறம் அதிகம் மாறாது. ஒரே திரையைச் சூழ்ந்து இரண்டு மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு இதுவே ஏற்றது.

திரையின் அங்குல அளவு மூலைவிட்டத்தின் நீளமாகும். 1920 × 1080 புள்ளிகளைக் கொண்ட 24 அங்குலத் திரையில் ஓரங்குலத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளிகள் அமையும். அதே புள்ளிகள் 27 அங்குலத்திற் பரந்தால் 82 ஆகக் குறையும். பெரிய திரையே சிறந்ததென எண்ணுவோர் இதனைக் கவனிப்பாராக.

இனிக் கடையிலே செய்யத்தக்க சோதனைகள் சில. சிறிய எழுத்திலுள்ள தமிழ்ப் பக்கமொன்றைத் திறந்து, ன, ண வேறுபாடும் மெய்யெழுத்தின் புள்ளியும் தெளிவாகத் தெரிகின்றனவா எனப் பாருங்கள். திரை முழுவதையும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என மாற்றினால் பழுதுற்ற புள்ளிகள் வெளிப்படும். ஒளியைக் குறைத்து, வெண்திரையின் முன்னே பேனாவொன்றை விரைந்து அசையுங்கள். அது தனித்தனிப் பேனாக்களாகத் தோன்றின், விளக்கு விட்டுவிட்டு எரிகின்றதென அறிக. சிலருக்கு அது கண்ணயர்வையும் தலைவலியையும் தரும். உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதாயின் யாழ்ப்பாணத்திலேயே திருத்துவார்களா என்பவற்றை எழுத்திற் பெறுக.

மின்செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. 20 உவாற்றுத் திரை நாளொன்றுக்கு 8 மணிநேரம் எரிந்தால், 30 நாளில் 5 அலகுக்குச் சற்றுக் குறைவாகவே செலவாகும்.

இச்சோதனைகளில் தேறிய திரையை, விலை குறைந்ததென்று ஐயுறாது வாங்கலாம். மிஞ்சும் பணத்திலே நல்லதொரு நாற்காலி வாங்கி, திரையின் மேல்விளிம்பு பிள்ளையின் கண்மட்டத்துக்கு மேற்படாதவாறு அமைத்துக் கொடுங்கள்.