மிதிக் கடைசலில் ஒரு நாற்காலிக் கால்

இங்கிலாந்தின் சில்டர்ன் குன்றுகளில், 19-ஆம் நூற்றாண்டில், பீச் மரக்காட்டுக்குள்ளேயே குடிசை போட்டுக் கடைசல்காரர்கள் வேலை செய்தார்கள். அவர்கள் கடைந்த கால்கள் ஹை விக்கம் பட்டறைகளில் வின்ட்சர் நாற்காலிகளாயின.

அவர்களின் மிதிக் கடைசல் எந்திரத்தில் மேலே வளையும் கழி, கீழே மிதிகட்டை. இரண்டையும் இணைக்கும் கயிறு மரத்தைச் சுற்றி இறங்குகிறது. மிதித்தால் மரம் கடைபவரை நோக்கிச் சுழலும். காலைத் தளர்த்தினால் கழி நிமிர்ந்து திருப்பிச் சுழற்றும். உளி வெட்டுவது மிதிக்கும்போது மட்டும்தான்.

பச்சை மரத்தை அறுக்காமல் பிளந்தார்கள். நார் முனைக்கு முனை அறுபடாமல் ஓடுவதால் மெலிந்த காலும் எளிதில் முறியாது.

அப்படிக் கடைந்த இந்தக் காலின் நடுவிலுள்ள குமிழைக் கவனியுங்கள். உளி இருபுறமும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கே இறங்கியிருக்கிறது. பள்ளத்திலிருந்து ஏறினால் நார் பிய்ந்து வரும். உளியின் சரிவுமுகம் மரத்தில் படிந்திருக்க, கூர்முனை மட்டும் சீவ வேண்டும். அப்படிச் சீவிய பரப்புக்கு உப்புத்தாள் வேண்டியதில்லை. இரு வெட்டுகளும் பள்ளத்தின் அடியில் பிசிறின்றிச் சந்திப்பதுதான் கடினம். இதைக் கடைந்தவர் அதை அருமையாகச் சாதித்திருக்கிறார்.

கால் இப்போது முழு வட்டமாக இல்லை. பச்சை மரம் உலரும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் கூடுதலாகச் சுருங்கும்.