உங்கள் வெப்சைட்டுக்கு ரெஸ்பான்ஸிவ் டிசைன் தேவையா?

கடைக்கோ, டியூஷன் சென்டருக்கோ ஒரு வெப்சைட் வேண்டும் என்று யாரிடமாவது கேட்டால், அவர் தரும் கொட்டேஷனில் "ரெஸ்பான்ஸிவ் டிசைன்" என்று ஒரு வரி இருக்கும். சிலர் அதற்குத் தனித் தொகையும் போட்டிருப்பார்கள். இது நமக்கு அவசியமா, அல்லது தேவையில்லாததை நம் தலையில் கட்டப் பார்க்கிறார்களா? கம்ப்யூட்டருக்குப் புதியவர்களும் இதைத் தாங்களே முடிவு செய்யலாம்.

ரெஸ்பான்ஸிவ் டிசைன் என்றால் என்ன?

ஒரே வெப் பக்கம், திறக்கப்படும் திரையின் அகலத்திற்கு ஏற்பத் தன்னை அடுக்கிக் கொள்வதுதான் ரெஸ்பான்ஸிவ் டிசைன். கம்ப்யூட்டர் மானிட்டரில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மூன்று பத்திகள், மொபைல் போனில் ஒன்றின் கீழ் ஒன்றாக வரும்.

2007ல் ஐபோன் வந்தபோது வெப்சைட்கள் கம்ப்யூட்டரை மனதில் வைத்தே அமைக்கப்பட்டிருந்தன. எனவே, அதிலிருந்த சபாரி பிரவுசர், பக்கத்தின் அகலம் 980 பிக்ஸல் என்று எடுத்துக் கொண்டு, முழுப் பக்கத்தையும் சுருக்கிக் காட்டியது. படிக்க வேண்டுமானால் விரல்களால் பெரிதாக்கி, இங்கும் அங்கும் நகர்த்த வேண்டும்.

இதற்குத் தீர்வாக, ஈதன் மார்காட் என்ற அமெரிக்க வெப் டிசைனர், 2010 மே மாதம் "எ லிஸ்ட் அபார்ட்" என்ற இணைய இதழில் இந்த முறையை விளக்கி, இந்தப் பெயரையும் வைத்தார். அவர் சொன்னவை மூன்று. பத்திகளின் அகலத்தைப் பிக்ஸலில் தராமல் சதவீதத்தில் தர வேண்டும். படங்கள் இடத்திற்கு ஏற்பச் சுருங்க வேண்டும். "திரையின் அகலம் இதற்குக் குறைவானால் இப்படிக் காட்டு" என்ற மீடியா கொரி கட்டளைகள் இருக்க வேண்டும்.

தனி மொபைல் சைட் அமைத்தால் என்ன?

அதுவும் ஒரு வழிதான். விக்கிபீடியா பல ஆண்டுகள் மொபைலுக்கு என "எம்" எழுத்து சேர்த்த தனி முகவரி வைத்திருந்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. மொபைலில் இருந்து ஒருவர் அனுப்பும் லிங்க்கைக் கம்ப்யூட்டரில் திறந்தால் மொபைல் பக்கமே வந்து நிற்கும். இரண்டு தனித்தனி சைட்களாக இருந்தால், விலை மாறும்போது இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும். ஒன்றில் மறந்தால் வாடிக்கையாளர் பழைய விலையோடு வந்து நிற்பார்.

கூகுளையும் கவனிக்க வேண்டும். கூகுள் 2016ல் அறிவித்த ஒரு மாற்றம் 2023 அக்டோபரில் நிறைவு பெற்றது. அதன்படி அது உங்கள் சைட்டின் மொபைல் வடிவத்தைத்தான் முதன்மையாகப் படித்துப் பட்டியலிடுகிறது. மொபைல் பக்கத்தில் பாதித் தகவல்களை வெட்டியிருந்தால், அவை தேடலில் கிடைக்காமல் போகலாம்.

முடிவெடுக்க மூன்று கேள்விகள்

1. வருபவர்கள் எதில் பார்க்கிறார்கள்? ஏற்கனவே சைட் இருந்து, அதில் கூகுள் அனலிடிக்ஸ் இணைத்திருந்தால், மொபைலில் வந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். இந்த எண்ணிக்கை குறைவாக இருந்தால் உடனே மகிழ வேண்டாம். படிக்க முடியாமல் திரும்பிப் போனவர்களும் இருக்கலாம்.

2. எதற்காக வருகிறார்கள்? போன் நம்பர், முகவரி, விலை, வேலை நேரம் பார்க்க வருகிறார்கள் என்றால், வழியில் நின்று மொபைலில் பார்ப்பவர்களே அதிகம் இருப்பார்கள். ரெஸ்பான்ஸிவ் கட்டாயம் தேவை. அலுவலகத்திற்குள் இருவர் மட்டும் கம்ப்யூட்டரில் பயன்படுத்தும், 15 காலம் கொண்ட ஸ்டாக் பட்டியல் என்றால் அவசரம் இல்லை. அதை மொபைலில் அடக்குவதற்கே பெரும் உழைப்பு போய்விடும்.

3. புதிய சைட்டா, பழையதா? புதியது என்றால் முதலிலேயே ரெஸ்பான்ஸிவாகக் கேளுங்கள். வேர்ட்பிரஸ் உடன் இப்போது வரும் தீம்கள் ரெஸ்பான்ஸிவ் ஆனவையே. அவற்றைப் பயன்படுத்துபவர் இதற்கெனத் தனித் தொகை கேட்டால் காரணம் கேட்கவும். பல ஆண்டுகளுக்கு முன் டேபிள் கொண்டு அமைத்த சைட் என்றால், ஒட்டுப் போடுவதை விடப் புதிதாக அமைப்பதே பெரும்பாலும் எளிது. எதைச் செய்தாலும் முதலில் பேக்கப் எடுத்துவிடவும்.

நீங்களே சோதிக்கலாம்

டிசைனர் முன்பு செய்த ஒரு சைட்டைக் கம்ப்யூட்டரில் திறக்கவும். பிரவுசர் விண்டோவின் ஓரத்தை மவுஸால் பிடித்து, மெதுவாகக் குறுக்கவும். பத்திகள் கீழே இறங்கி அடுக்கிக் கொண்டால் நல்லது. அடியில் இடமும் வலமும் நகர்த்தும் ஸ்குரோல் பார் தோன்றினால் சரியாகச் செய்யவில்லை.

பயர்பாக்ஸ் பிரவுசரில் கண்ட்ரோல் + ஷிப்ட் + எம் அழுத்தினால் மொபைல் அளவிலேயே பக்கம் கிடைக்கும். குரோமில் முதலில் எஃப்12 அழுத்திப் பின் இதே கீகளை அழுத்தவும்.

கடைசியாக உண்மையான மொபைலிலும் பார்க்கவும். விண்டோவைக் குறுக்கியபோது சரியாக வந்த பக்கம், மொபைலில் பொடி எழுத்தாகத் தெரிந்தால், வியூபோர்ட் என்ற டேக் விடுபட்டிருக்கலாம். அது இல்லையென்றால் மொபைல் தன் திரையை அகலமானதாகவே கருதிக் கொள்ளும். மீடியா கொரி வேலை செய்யாது.

இதை மட்டும் நம்ப வேண்டாம்

ரெஸ்பான்ஸிவ் என்பது அமைப்பை மட்டுமே மாற்றும். கேமராவில் எடுத்த 5 எம்பி போட்டோவை அப்படியே ஏற்றியிருந்தால், மொபைலில் சிறிதாகத் தெரிந்தாலும் 5 எம்பியும் டவுன்லோட் ஆகும். வருபவரின் டேட்டாதான் கரையும். எனவே படங்களைப் பல அளவுகளில் வைத்து, திரைக்கு ஏற்றதை அனுப்பும்படி கேட்கவும்.

தமிழ் சைட்களில் இன்னொன்று. தலைப்பையும் விலைப் பட்டியலையும் போட்டோஷாப்பில் படமாகச் செய்து வைத்தால், படம் சுருங்கும்போது எழுத்தும் சுருங்கிப் படிக்க முடியாமல் போகும். யூனிகோட் எழுத்தில் டைப் செய்யச் சொல்லுங்கள். நீளமான தமிழ்ச் சொற்கள் மெனுவை விட்டு வெளியே நீட்டிக் கொண்டிருக்கின்றனவா என்றும் பார்க்கவும்.

பொதுமக்கள் பார்க்கும் சைட் என்றால் ரெஸ்பான்ஸிவ் வேண்டும். மேலே சொன்ன சோதனைகளை முடித்த பின்பே கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கவும்.