கல்லாவுக்கு மேலே தொங்கும் தலைவர்கள்

கடையைப் புதுப்பிக்கும் வேலை வந்துவிட்டால் முதலில் எடைக்குப் போவது பழைய படங்கள்தான். கடலூர் முதுநகரிலும் திருப்பாதிரிப்புலியூரிலும் சிதம்பரம் தேரோடும் வீதிகளிலும் தலைமுறைகள் கண்ட கடைகள் உள்ளன. லட்சுமி, விநாயகர் படங்களுக்குப் பக்கத்தில் காந்தியடிகள், நேரு, நேதாஜி, பாரத மாதா. சட்டத்தைக் கரையான் அரித்திருக்கும், கண்ணாடி மங்கியிருக்கும். தூக்கிப் போடுமுன் சற்றுப் பொறுக்குமாறு வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் ஒருவர் சட்டம் பிடித்திருந்ததால் ஒரு பழைய படத்தைச் சந்தையில் 4 டாலருக்கு வாங்கினார். படத்தின் பின்னால் மடித்து வைத்திருந்த தாள், 1776 சுதந்திரப் பிரகடனத்தின் முதல் அச்சுப் பிரதிகளுள் ஒன்று. 1991 ஏலத்தில் 24 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. நம் கடைச் சுவரில் அப்படிப் புதையல் இருக்கிறது என்று ஆசை காட்ட வரவில்லை. அவர்கள் நாடு பிறந்தது செப்புத் தகட்டில் படம் செதுக்கிய காலம். நம் நாடு பிறந்தபோது கல் அச்சும் ஆப்செட்டும் வந்துவிட்டன. ஆகவே நமக்கு அந்த வரலாற்றைச் சொல்பவை மலிவு விலைப் படங்களும் காலண்டர்களுமே. மலிவாக இருந்ததாலேயே யாரும் காப்பாற்றவில்லை.

இவற்றைப் பரப்பியவர்களும் வியாபாரிகளே. 1930களில் கான்பூர் படவியாபாரி சியாம் சுந்தர் லால், பகத்சிங் போன்ற தியாகிகளின் படங்களை அச்சிட்டு விற்றார். ஆங்கிலேய அரசு தடைசெய்து பறிமுதல் செய்த அக்காலப் படங்கள் பல இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக உள்ளன. பறித்தவன் காப்பாற்றினான், வாங்கி மாட்டியவர்கள் எடைக்குப் போட்டோம்!

நம் பக்கத்தில் தேட வேண்டியவை கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவர் சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான காலண்டர்கள். அவற்றில் பெரும்பாலும் தெய்வங்கள்தான். தலைவர்கள் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். அடியில் கடைப் பெயர் இருந்தால் வெட்டிவிட வேண்டாம். எந்த ஊரில், எந்தக் கடையில் தொங்கியது என்பதற்கு அதுதான் சாட்சி.

அச்சை அறிய நகைக்கடை நண்பரிடம் பூதக்கண்ணாடி வாங்கிப் பாருங்கள். வரிசையான வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் ஆப்செட். ஒழுங்கற்ற மணல்போன்ற பொட்டுகள் தெரிந்தால் கல் அச்சாக இருக்கலாம். தகட்டு அச்சானால் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடம் இருக்கும். ஆனால் பழைய படத்தைப் புதிதாக ஆப்செட்டில் அடித்து, தேநீர்ச் சாயம் ஏற்றிப் பழசென்று விற்பவர்களும் உண்டு. மிளகில் பப்பாளி விதை பார்த்த நம் கண்ணுக்கு இது புதிதல்ல.

கடலூரின் உப்புக்காற்று காகிதத்துக்கு ஆகாது. வெயில் படாத, ஈரமில்லாத சுவரில் மாட்டுங்கள். பின்பலகை காகிதத்தில் படக்கூடாது. மரத்தின் அமிலம் பழுப்பேற்றும். கிழிந்த இடத்தில் பசைநாடா ஒட்டுவதும் லேமினேஷன் செய்வதும் கூடவே கூடாது. நூறாண்டு கடந்த கலைப்பொருளை வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப 1972 சட்டம் தனியாரை அனுமதிப்பதில்லை. கேட்டு வரும் தரகரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.