காய்ச்சல் விட்டது... கண்டம் விட்டதா?

2021 மே மாதக் கடைசி. மேட்டூர் திறக்க இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. ஒரத்தநாடு பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, வயது 58, மகளோடு என் கிளினிக் வாசலுக்கு வந்தார். கொரோனா காய்ச்சல் தொடங்கி அன்று ஏழாம் நாள்.

"காய்ச்சல் விட்டுடுச்சுங்க அய்யா. கபசுரக் குடிநீர் மட்டும் குடுங்க, போதும். நாத்தங்கால் வேலை அப்படியே கிடக்கு" என்றார். பேச்சில் தடுமாற்றம் இல்லை. முகத்தில் களைப்பு மட்டும் இருந்தது.

மகள் ரத்த ரிப்போர்ட்டை நீட்டினாள். சி.ஆர்.பி. என்ற இடத்தில் 8.2. அந்த வாரம் நான் பார்த்த ரிப்போர்ட்டுகளில் எல்லாம் 40, 60 என்றே இருந்தது. '8.2 தானே, பரவாயில்லை' என்று சீட்டு எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் மகள் கேட்டாள்: "அய்யா, மூணு நாளைக்கு முன்னாடி வேற லேப்புல எடுத்தோம். அதுல 24 மில்லிகிராம், லிட்டர்னு போட்டிருந்துது. இதுல டெசிலிட்டர்னு இருக்கே... ரெண்டும் ஒண்ணுதானா?"

ஒன்றல்ல! டெசிலிட்டர் என்பது லிட்டரில் பத்தில் ஒரு பங்கு. டெசிலிட்டருக்கு 8.2 என்றால் லிட்டருக்கு 82! மூன்றே நாளில் 24, 82 ஆகியிருக்கிறது. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினேன். 95 காட்டியது. மாட்டியபடியே வாசலில் மெதுவாக நடக்கச் சொன்னேன். ஆறு நிமிடம்கூட ஆகவில்லை, 89-க்கு இறங்கிவிட்டது. அவரோ, "எனக்கு ஒண்ணும் பண்ணலீங்களே" என்கிறார்!

அன்று மாலையே அரசு மருத்துவமனையில் ஆக்சிஜனில் இருந்தார். பதினொரு நாள் கழித்து வீடு திரும்பினார். அந்தப் பெண் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால்? இப்போது நினைத்தாலும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. தவறு என்னுடையது. எண்ணைப் பார்த்தேன், அலகைப் பார்க்கவில்லை.

கொரோனா தொடர்பான உலக அவசரநிலை முடிந்ததாக 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. இப்போது எதற்கு இந்தக் கதை என்று கேட்கிறீர்களா? அவசரநிலைதான் முடிந்தது, வைரஸ் போய்விடவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்தால் ஃப்ளூ காய்ச்சலும் வீட்டுக்கு வீடு வருகிறது. இதே பரிசோதனைகளை இன்றும் எழுதுகிறார்கள். டாக்டரிடம் போகாமல் நேரே லேபுக்குப் போய் எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஆகவே அந்த எண்கள் என்ன சொல்கின்றன, என்ன சொல்வதில்லை என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்வது நல்லது.

கல்லீரல் அடிக்கும் மணி

சி.ஆர்.பி. என்பது நம் கல்லீரல் செய்யும் ஒரு புரதம். 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வகத்தில், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் இதை முதலில் கண்டுபிடித்தார்கள். உடம்பில் எங்காவது கிருமி நுழைந்து அழற்சி உண்டானால், நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூகின்-6 என்ற ரசாயனத் தூதை அனுப்புகின்றன. தகவல் கிடைத்ததும் கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கிறது. சுமார் ஆறு மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சத்தைத் தொடும். காரணம் நீங்கிவிட்டால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்.

வாய்க்காலில் இன்று முழங்கால் தண்ணீர் என்றால் அதை வைத்து என்ன சொல்ல முடியும்? நேற்று கணுக்கால் அளவு இருந்ததா, இடுப்பளவு இருந்ததா என்று தெரிந்தால்தானே ஏறுகிறதா வடிகிறதா என்று சொல்லலாம்? சி.ஆர்.பி.யும் அப்படித்தான். ஒரு நாள் எண்ணைவிட, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு எண்கள் அதிகம் பேசும். கூடிய வரையில் ஒரே லேபில் எடுங்கள்.

இன்னொன்று. தீப்பிடித்திருக்கிறது என்று மணி அடிக்கும், எங்கே என்று இது சொல்லாது. போன வருடம் ஓர் இளம்பெண்ணின் ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. 40 என்று பார்த்து, நுரையீரல் போய்விட்டது என்று குடும்பமே அழுதுகொண்டு வந்தது. இருமல் இல்லை, மூச்சு சீராக இருக்கிறது, ஆக்சிஜன் 99. வாயைத் திறக்கச் சொன்னேன். கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ்! பல் மருத்துவரிடம் அனுப்பினேன், தீர்ந்தது.

சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே ஒரு கணக்கு

எல்லா ஊர் லேபிலும் எடுக்கும் முழு ரத்த அணுக்கள் பரிசோதனையில் நியூட்ரோபில், லிம்போசைட் என்று இரண்டு வெள்ளணுக்களின் சதவீதம் இருக்கும். முதலாவது உடனே பாய்ந்து சண்டை போடும் படை. இரண்டாவது, வைரஸை அடையாளம் கண்டு அழிக்கும் படை. கொரோனா கடுமையாகும்போது லிம்போசைட் குறைகிறது, நியூட்ரோபில் கூடுகிறது. முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள். 60, 30 என்றால் விடை 2. ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் 1 முதல் 3-க்குள் இருக்கும். 84, 12 என்றால் 7. இப்படி ஏறினால் கவனம் தேவை.

ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலே நியூட்ரோபில் கூடும், லிம்போசைட் குறையும். மெடிக்கல் ஷாப்பில் 'காய்ச்சலுக்கு ரெண்டு நாள் செட்' என்று வாங்கிப் போட்ட மாத்திரையில் அது இருந்திருந்தால் கணக்கே தப்பாகிவிடும். என்ன மாத்திரை சாப்பிட்டோம் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். அட்டையையே எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

டி-டைமர் என்பது ரத்தக் கட்டி கரையும்போது உண்டாகும் துணுக்கு. 2020-ன் தொடக்கத்தில் சீனாவின் வூஹானில் 191 நோயாளிகளை ஆராய்ந்தபோது, மருத்துவமனையில் சேரும்போதே இது அதிகமாக இருந்தவர்களிடையே மரணம் கூடுதலாக இருந்தது. ஆனால் கர்ப்பிணிகளுக்கும், ஆபரேஷன் ஆனவர்களுக்கும், வயது ஏறியவர்களுக்கும் கொரோனா இல்லாமலேயே இது கூடும். இதை வீட்டில் உட்கார்ந்து படிக்க வேண்டாம், மருத்துவர் படிக்கட்டும்.

ஒரே வைரஸ்... ஏன் இரண்டு கதி?

ஒரே வீட்டில் பேரனுக்கு இரண்டு நாள் சளி, தாத்தாவுக்கு ஐ.சி.யூ. ஏன்? வயதும் சர்க்கரை நோயும் காரணங்கள்தான். 2020-ல் இன்னொரு காரணமும் தெரிந்தது. வைரஸ் நுழைந்தவுடன் நம் உடம்பு இன்டர்ஃபெரான் என்ற முதல் காவலாளியை அனுப்புகிறது. பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து, உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போன 987 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். 101 பேருக்கு, அந்தக் காவலாளியையே முடக்கிப்போடும் எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருந்தது! அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். லேசாக நோய் வந்து போன 663 பேரில் ஒருவருக்குக்கூட அது இல்லை. வேலியே பயிரை மேய்ந்த கதை. இது சாதாரண லேபில் செய்யும் பரிசோதனை அல்ல. ஆனால், 'அவரு ஆரோக்கியமாத்தானே இருந்தாரு, எப்படிப் போனாரு?' என்று ஆறாமல் கேட்கும் சில குடும்பங்களுக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது.

நெய்க்குறி சொல்லும் பாடம்

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது நெய்க்குறி பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். காலை முதல் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட வேண்டும். பாம்பு போல நீண்டால் வாதம், மோதிரம் போல வளைந்தால் பித்தம், முத்துப் போல நின்றால் கபம். நோய் தீருமா, தீராதா என்று முன்கூட்டிச் சொல்லவும் இதைப் பார்த்தார்கள். 'இந்த நோயாளி எப்படிப் போவார்' என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல.

ஆனால் நெய்க்குறியை மட்டும் வைத்து முடிவு சொல்லச் சித்தர்கள் சொல்லவில்லை. நாடி, தொடுஉணர்வு, நாக்கு, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என்று எண்வகைத் தேர்வும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள்.

இன்றைய விஞ்ஞானமும் கிட்டத்தட்ட அதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. பிரிட்டனில் ஆயிரக்கணக்கான கொரோனா நோயாளிகளின் விவரத்தை வைத்து 2020-ல் ஓர் ஆபத்துக் கணக்கு உருவாக்கினார்கள். அதிலும் எட்டு அம்சங்கள்: வயது, ஆணா பெண்ணா, வேறு நோய்கள், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, நினைவுத் தெளிவு, யூரியா, சி.ஆர்.பி. எட்டில் இரண்டுதான் லேபிலிருந்து வருகின்றன. மற்ற ஆறும் நோயாளியைப் பார்த்தும் கேட்டும் தெரிந்துகொள்வது!

மருந்திலும் அப்படியே. டோசிலிசுமாப் என்ற ஊசியை 4,116 பேரிடம் சோதித்தார்கள். சி.ஆர்.பி. லிட்டருக்கு 75-ம் அதற்கு மேலும் இருந்து, ஆக்சிஜனும் குறைந்தவர்களையே எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் சேர வேண்டும். 28 நாளில் ஊசி போடாதவர்களில் 35 சதவீதம் பேர் இறந்தார்கள், போட்டவர்களில் 31 சதவீதம். ஸ்டீராய்டும் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரைத்தான் காப்பாற்றியது. தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. 'சி.ஆர்.பி. ஏறிடுச்சு' என்று வீட்டிலேயே ஸ்டீராய்டு விழுங்கி, சர்க்கரை ஏறி, கருப்புப் பூஞ்சையில் கண்ணை இழந்தவர்களை 2021-ல் நாடே பார்த்தது.

நீங்கள் செய்ய வேண்டியது

* காய்ச்சல் வந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கொரோனாவில் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை முக்கியம். காய்ச்சல் விட்டாலும் கவனத்தை விடாதீர்கள்.
* காலை, மாலை ஆக்சிஜன் பாருங்கள். 94-க்குக் கீழே போனாலோ, நிமிடத்துக்கு 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, அசாதாரண தூக்கம் இருந்தாலோ ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனை!
* ரிப்போர்ட்டில் எண்ணைப் படிக்கும்போது அலகையும் சேர்த்துப் படியுங்கள். பழைய ரிப்போர்ட்டையும் கையில் கொண்டு போங்கள்.
* ஜலதோஷத்துக்கெல்லாம் சி.ஆர்.பி., டி-டைமர் எடுக்க ஓடாதீர்கள். 60 வயதைத் தாண்டியவர், சர்க்கரை, இதயம், சிறுநீரக நோய் உள்ளவர், கர்ப்பிணி ஆகியோர் மட்டும் மூன்றாம் நாளைத் தாண்டவிடாமல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

நம் தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் நடத்தியபோது, கண் நோயாளிகளின் கண்ணை ஓவியமாக வரைந்து, சிகிச்சைக் குறிப்பும் எழுதி வைத்தார்கள். அவை சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. ராஜா செய்ததை ஒரு நாற்பது பக்க நோட்டில் நீங்களும் செய்யலாம். தேதி, காய்ச்சல், ஆக்சிஜன், மூச்சு, சாப்பிட்ட மருந்து. அவ்வளவுதான்.

கபசுரக் குடிநீரை நான் இன்றும் கொடுக்கிறேன். 15 சரக்கு சேர்ந்த நல்ல மருந்து என்பது என் நம்பிக்கை. ஆனால் கஷாயம் குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஆக்சிஜன் குறைவதைக் கவனிக்காமல் விட்டால், அந்தப் பழி கஷாயத்தின் மேலும் வரும், வைத்தியன் மேலும் வரும். போன உயிர் மட்டும் வராது.

அந்த ஒரத்தநாட்டுக்காரர் இப்போதும் வருகிறார், முழங்கால் வலிக்கு. வரும்போதெல்லாம் மகளைப் பார்த்துச் சிரிப்பேன். "என்ன ரிப்போர்ட்டாயிருந்தாலும் இவகிட்ட காட்டிட்டுத்தான் அய்யா உங்ககிட்ட வர்றேன்" என்பார் அவர். அதில் ஒரு தப்பும் இல்லை என்பேன் நான்.