சம்பல் ஆற்றில் செத்து ஒதுங்கிய முதலைகள்!
கேமராவோடு துப்பு துலக்கிய வடநெம்மேலிக்காரர்

மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலி முதலைப்பண்ணையைப் பார்க்காத சென்னைவாசி குறைவு. 1976-ல் அதைத் தொடங்கியவர் ரோமுலஸ் விட்டேகர். பாம்பு பிடிப்பதில் கில்லாடி. அவர் பி.பி.சி. படத்துக்காக வடக்கே ஒரு "சாவு வழக்கை" துருவினார். செத்தது மனிதர்கள் அல்ல, முதலைகள்!

2007 டிசம்பர். சம்பல் ஆற்றில் கரியால் முதலைகள் வரிசையாகச் செத்து ஒதுங்கின. சில மாதங்களில் எண்ணிக்கை 100-ஐத் தாண்டியது.

கரியாலுக்கு ஒல்லியான நீள மூக்கு. ஆணுக்கு மூக்கு நுனியில் குட்டிப்பானை கவிழ்த்த மாதிரி குமிழ். மீன்தான் சாப்பாடு. ஆளைப் பிடித்துத் தின்னாது, பாவம்.

சந்தேகம் யார் மேல்?

பிரேத பரிசோதனையில் சிறுநீரகம் பாழாகியிருந்தது தெரிந்தது. சம்பல் சுத்தமான ஆறு. ஆனால் அது போய்ச் சேருவது டெல்லி, ஆக்ரா சாக்கடை கலக்கும் யமுனையில். அங்கிருந்து வந்த மீனில் விஷம் இருந்திருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். என்ன விஷம்? அது மட்டும் பிடிபடவே இல்லை. பிறகு, உயிரோடு இருந்தவற்றின் வாலில் ரேடியோ கருவி பொருத்தி நடமாட்டத்தைக் கண்காணித்தார்கள்.

மணல் கொள்ளை

1979-ல் சரணாலயமான ஆறு இது. கரியால் முட்டையிடுவது கரை மணலில். அந்த மணலைத்தான் தடையை மீறி டிராக்டரில் அள்ளுகிறார்கள். தடுக்கப் போவது லேசுப்பட்ட வேலையா? 2012-ல் அதே மொரேனா மாவட்டத்தில் திருட்டுக் கல் டிராக்டரை மறித்த இளம் ஐ.பி.எஸ். அதிகாரி, சக்கரத்தில் நசுங்கி இறந்தார்.