கவ்வியும் இடுக்கியும்: குடல் மடிப்புக்குள் ஒரு சிகிச்சை

இடுக்கி, கை அழுத்தும்வரை பிடிக்கும். கை தளர்ந்தால் விட்டுவிடும். கவ்வி அவ்வாறன்று. கொடியில் உலரும் துணியைப் பற்றிய கவ்வி, வைத்த கை நீங்கிய பின்னும் பிடியைத் தளர்த்துவதில்லை. குடல் மருத்துவத்தில் ‘கிளிப்’ எனப்படும் சிறு உலோகக் கருவி இவ்விரண்டாம் வகையினது. ஆதலின் அதனைக் கவ்வி என்பதே பொருத்தம் என்பது நம் கருத்து. தொலைநோக்கி, நுண்ணோக்கி என்னும் வரிசையில் உள்நோக்கியும் எளிதில் விளங்கும்.

பெருங்குடல் ஏறத்தாழ 1.5 மீட்டர் நீளமுள்ள குழல். அதன் உட்சுவரில் பிறைவடிவ மடிப்புகள் பல உள்ளன. உள்நோக்கி முன்னோக்கியே பார்ப்பதால், மடிப்பின் மறுபுறத்தில் இருப்பது பாதி மறைந்துவிடுகிறது. 1969இல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா இருவரும் வயிற்றைத் திறவாமலே, கம்பிச் சுருக்கிட்டுக் குடல் மொட்டை அகற்றினர். காம்புள்ள மொட்டுக்குச் சுருக்கு போதும். தட்டையாகப் பரந்து மடிப்பின்மேல் ஏறியிருப்பதற்கு அது போதாது.

அத்தகையதை அகற்ற, உட்படலத்துக்கும் தசைக்கும் இடைப்பட்ட மென்மையான அடுக்கில் நீர்மம் செலுத்தி மேலே உயர்த்துவர். பின் மின்கத்தியால் அவ்வடுக்கை மெல்ல அறுப்பர். இங்கேதான் இடர்ப்பாடு. தையற்காரர் தையலைப் பிரிக்கும்போது ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்க, மறு கை நூலை வெட்டுகிறது. உள்நோக்கி மருத்துவருக்கோ ஒரு கை மட்டுமே உள்ளது. அறுக்கவேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியாவிடின் கத்தி தசையைத் துளைத்துவிடக்கூடும். குடற்சுவரோ சில மில்லிமீட்டர் தடிப்பே உடையது.

அந்த இரண்டாம் கையைக் கவ்வி தருகிறது. அறுத்த விளிம்பில் நூல் கட்டிய கவ்வியைப் பொருத்தி, வெளியிலிருந்து நூலை இழுத்தால் படலம் மேலெழுந்து அடியடுக்கு தெரியும். ஆயினும் குடலின் ஆழத்தில் நூல் ஒரே திசையில், வாயிலை நோக்கியே இழுக்கும். எனவே சிறு இரப்பர் வளையத்தை முதற்கவ்வியோடு சேர்த்து, மற்றொரு கவ்வியால் எதிர்ச்சுவரில் பிணைப்பதும் உண்டு. காற்றுச் செலுத்திக் குடலை விரித்தால் வளையம் மேலும் இறுகி, இழுப்பு வலுக்கும். திசையை மருத்துவரே தேர்ந்துகொள்ளலாம் என்பது இதன் தனிச்சிறப்பு.

அகற்றியபின் எஞ்சும் காயத்தின் இரு விளிம்புகளையும் கவ்விகளாலேயே சேர்த்து மூடலாம். வலப்புறப் பெருங்குடலில் 20 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றை அகற்றியபின் இவ்வாறு மூடினால், பின்னாளில் இரத்தம் கசிவது குறைகிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன.

இனிச் சொல்லுக்கு வருவோம். மருத்துவமனையில் பாட்டிக்கு மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் பேரப்பிள்ளையே. ‘புண்’ என்றால், “எனக்கு வலியே இல்லையே” என்று பாட்டி சிகிச்சையைத் தள்ளிப்போடுவார். ‘கட்டி’ என்றாலோ, புற்றுநோய் முற்றிவிட்டதென அஞ்சுவார். ‘உட்படலத்தில் ஒரு திட்டு; வலிக்காது; விட்டுவைத்தால் புற்றாக மாறக்கூடும்’ என்பது இரண்டிலும் நேர்மையானது. “உள்ளே வைத்த கவ்வியை யார் எடுப்பது?” என்று அவர் கட்டாயம் கேட்பார். பெரும்பாலும் சில வாரங்களில் தானே கழன்று மலத்தோடு வெளியேறும் எனலாம். சில வேளை நெடுநாள் தங்கிவிடுவதும் உண்டு. ஆகவே எம்ஆர்ஐ படம் எடுக்க நேர்ந்தால், கவ்வி வைத்த செய்தியை முன்கூட்டியே சொல்லும்படி நினைவூட்டவேண்டும்.